பாசி எடுத்ததால் மகளுக்கு நீர்க்கட்டி வந்ததா?

கேள்வி: எனக்கு 43 வயது. பாம்பனுக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடலில் முங்கிப் பாசி எடுக்கிறேன். மூத்த மகளுக்கு 19 வயது. ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். 13 வயதில் பெரியவளானாள். இரண்டு வருடமாகத் தீட்டு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போகிறது. முகவாயில் முடி, கன்னத்தில் பரு. கழுத்துக்குப் பின்னால் அழுக்குப் போலக் கறுப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கல்லூரி சேர்ந்தபோது 56 கிலோ, இப்போது 68. ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். என் மாமியார் எனக்குச் சொந்த அத்தைதான். அவரோ, "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு கடல்ல கிடந்தீல்ல, அதான்" என்கிறார். நாத்தனார் பிராய்லர் கோழியைச் சொல்கிறார். அத்தைக்கும் என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு, அவருக்கு 38 வயதிலேயே வந்துவிட்டது. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் தீட்டு தள்ளித் தள்ளித்தான் வரும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது எதனால் வருகிறது? என் மேல்தான் தப்பா? 11 வயதுச் சின்ன மகளுக்கும் வருமா? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று என் அண்ணன் மகனுக்குக் கேட்கிறார்கள், என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அத்தைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடலில் முங்கியதால் இது வரவில்லை. உப்புத் தண்ணீரில் கிடந்ததோ, மூச்சைப் பிடித்ததோ வயிற்றில் இருந்த பெண் குழந்தைக்கு நீர்க்கட்டியைக் கொடுக்கும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. மாசமாக இருக்கும்போது முங்குவது நல்லதில்லைதான். பாறையில் வழுக்கலாம், அடிபடலாம், மயக்கம் வரலாம். ஆனால் அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறேன், அத்தைக்குப் பிடிக்காமல் போகலாம். உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் தீட்டு தள்ளிப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு இருக்கும் கோளாறு லேசாக உங்களுக்கும் இருந்திருக்கலாம். அது பெரிதாகாமல் போனதற்கு அந்தக் கடலே ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஸ்கேன். நீர்க்கட்டி என்றதும் எல்லோரும் ஏதோ கட்டி வளர்ந்திருக்கிறது, அறுத்து எடுக்க வேண்டும் என்று பயப்படுகிறார்கள். அதில் தெரிவது பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். மாதம் ஒரு பை முழுசாக வளர்ந்து வெடித்து முட்டை வெளிவர வேண்டும். அப்படி நடக்காததால் பல பைகள் சினைப்பையின் ஓரத்தில் வரிசையாக நின்றுவிடுகின்றன. பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற ஹார்மோன் நோய் இருந்தால், இவை அதன் விளைவு. இவற்றை எடுத்துப் போட்டாலும் நோய் போகாது. அது மட்டுமல்ல, பெரியவளாகி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இளம்பெண்களின் சினைப்பையில் இப்படி நிறைய முட்டைப் பைகள் இருப்பது சாதாரணம். உங்கள் மகள் பெரியவளாகி ஆறு வருடம்தான் ஆகிறது. எனவே அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

அப்படியானால் நோயே இல்லையா என்றால், இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் ஸ்கேன் சொன்னதால் அல்ல. பெரியவளாகி மூன்று வருடம் கடந்த பெண்ணுக்கு 35 நாளுக்கு மேல் தள்ளிப் போனாலோ, வருடத்துக்கு எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலோ அதை ஒழுங்கற்ற சுழற்சி என்கிறோம். அது இவளுக்கு இருக்கிறது. முகவாயில் முடி இருக்கிறது. இந்த வயதில் இவை இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், வேறு நோய் எதுவும் காரணமில்லை என்றும் உறுதியாக வேண்டும். அப்போதுதான் பி.சி.ஓ.எஸ். என்று சொல்ல முடியும். அந்த 'வேறு நோய்' விஷயம் உங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் முக்கியம், பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. எதனால் வருகிறது?

சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை 1935-ல் விவரமாக எழுதினார்கள். அன்றிலிருந்து தேடியும் ஒற்றைக் காரணம் சிக்கவில்லை. குடும்ப வழியாக வரும் ஒரு சாய்வு, அதன் மேல் இன்சுலின் கோளாறு, அதன் மேல் நாம் வாழும் விதம், இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்கிறது. நெதர்லாந்தில் இரட்டைப் பிறவிகளை வைத்து 2006-ல் வந்த ஆய்வு, இந்த நோய் வருவதில் சுமார் 70 சதவீதப் பங்கு மரபணுவுக்கு என்று கணக்கிட்டது. ஒரே ஒரு மரபணு கெட்டுப்போய் வருவதில்லை. இன்சுலின், முட்டை வளர்ச்சி, மூளையிலிருந்து வரும் ஹார்மோன் ஆகியவற்றோடு தொடர்புடைய பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன.

இந்தப் பங்கு அம்மா வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. இதைப் பல வீடுகளில் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆணுக்குச் சினைப்பை கிடையாது, அதனால் அவரிடம் இது மாதவிலக்குக் கோளாறாகத் தெரியாது. சின்ன வயதுச் சர்க்கரையாகவோ இளவயது வழுக்கையாகவோ தெரியலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு 38-ல் சர்க்கரை, அவர் அம்மாவுக்கும் சர்க்கரை. அந்த அம்மா உங்கள் அப்பாவின் கூடப் பிறந்தவர். ஆக, அந்த வீட்டுச் சொத்து உங்கள் வழியாகவும் வந்திருக்கலாம், அவர் வழியாகவும் வந்திருக்கலாம். யார் கொடுத்தது என்று அத்தை கேட்டால், தாத்தா பாட்டி காலத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுங்கள். பொய்யில்லை.

அடுத்தது இன்சுலின். கணையத்தில் சுரக்கும் இது சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புகிறது. சிலருடைய உடம்பில் தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை, இதைத்தான் இன்சுலின் தடை என்கிறோம். வள்ளத்தில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே நிற்பவரைக் கரையிலிருந்து கூப்பிடும்போது நாம் தொண்டை கிழியக் கத்துவோம் இல்லையா, அப்படிக் கணையமும் இன்சுலினைக் கூட்டிக் கூட்டிச் சுரக்கிறது. தசைக்குத்தான் காது மந்தம், சினைப்பைக்கு நன்றாகவே கேட்கும். அவ்வளவு இன்சுலினைப் பார்த்ததும் அது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டிய ஹார்மோன்தான், அளவு கூடினால் முகவாயில் முடி, பரு. முட்டைப் பைகளும் பாதியில் நின்றுவிடுகின்றன. முட்டை வராவிட்டால் தீட்டும் நாள் பார்த்து வராது. இன்சுலின் இன்னொரு வேலையும் செய்கிறது. ரத்தத்தில் ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது, அதைக் குறைத்துவிடுகிறது. பிடி விட்ட ஹார்மோன் இன்னும் கூடுதலாக வேலை செய்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.ஹெச். என்ற ஹார்மோனும் பலருக்குக் கூடிப்போய் இதையே தூண்டிவிடுகிறது.

மகள் கழுத்தில் இருக்கும் கறுப்பு அந்தக் கூடுதல் இன்சுலின் தோலில் வைத்த அடையாளமாக இருக்கலாம். அழுக்கு இல்லை. தயவுசெய்து நாரும் எலுமிச்சையும் வைத்துத் தேய்க்காதீர்கள், தோல்தான் புண்ணாகும். அக்குளிலும் அப்படிக் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வரும் அம்மாக்கள் முக முடியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள், கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்தக் கழுத்துதான் பெரிய செய்தி.

சரி, கடலுக்கு வருவோம். பாசி எடுக்கப் போகும் பெண்கள் என்னிடம் வருவதுண்டு. விரலில் துணி சுற்றித்தான் போகிறார்கள், அப்படியும் பாறை கிழித்த தழும்பு இருக்கும். காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, அலையை எதிர்த்து நீந்தி, முங்கி, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடல்பாசிகளைப் பறித்து, ஈரப் பாசியைக் கரைக்குச் சுமந்து வருவது சாதாரண உழைப்பில்லை. உழைக்கும் தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உழைத்து முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் சொல்வதை நன்றாகக் கேட்கும். அதனால்தான் மேலே அப்படிச் சொன்னேன். உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் ரத்தம் ஒன்றுதான், மாறியது பொழுது. அவள் விடிகாலையில் சாப்பிடாமல் கொள்ளாமல் பஸ் ஏறுகிறாள் என்று நினைக்கிறேன். வகுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். மதியம் பசியில் பரோட்டாவும் பாட்டில் குளிர்பானமுமாகப் போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி போனோடு படுத்தால் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்? தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் தடை கூடும். அவளைக் கடலுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை படிக்கட்டும்.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குண்டானால்தான் இது வரும், குண்டானதால்தான் இது வந்தது என்பது பாதி உண்மை. ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. இன்சுலின் கூடுவதால் எடை ஏறுகிறது, எடை ஏறுவதால் இன்சுலின் கூடுகிறது, எது முதலில் என்று பிரிக்க முடியாது. நம் தெற்காசிய உடம்பில் எடை அதிகம் ஏறாமலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும். அதனால் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது நல்லது என்று கணக்கு வைத்திருக்கிறோம். தையல்காரரின் டேப் போதும். ஆனால் அவளை அத்தை முன்னாலும் நாத்தனார் முன்னாலும் "குண்டு" என்று சொல்லாதீர்கள். இந்த நோய் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். திட்டினால் எடை குறைந்ததாக நான் பார்த்ததில்லை.

பிராய்லர் கோழிக்கு நாத்தனார் சொல்வது போல ஹார்மோன் ஊசி போடுவதில்லை. அது சீக்கிரம் வளர்வதற்கு இனமும் தீவனமும் காரணம். பெரியவளானபோது கொடுத்த உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் காரணமில்லை. ஆனால் கருப்பட்டி என்பதால் எவ்வளவும் போடலாம் என்று நினைக்காதீர்கள், உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பீனால் என்ற ரசாயனம் இந்த நோய் உள்ள பெண்களின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதுதான் நோயைக் கொடுத்தது என்று நிரூபணமாகவில்லை. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிக் கொடுக்காமல் எவர்சில்வர் தூக்கில் கொடுத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

வயிற்றில் இருக்கும்போதே ஏதாவது நடந்திருக்குமா என்ற அத்தையின் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அவர் சொன்ன காரணம்தான் தவறு. பெண் குழந்தையின் முட்டைகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. கருவில் ஆண்ட்ரோஜன் அதிகம் பட்ட ஆட்டுக்குட்டிகளுக்கும் குரங்குகளுக்கும் பின்னாளில் இதே போன்ற கோளாறு வந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிலும் அப்படி ஒரு பங்கு இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அது தாயின் உடம்பில் தானாக ஓடும் ஹார்மோன். நீங்கள் பாசிக்குப் போனதால் அது கூடியது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இப்போது அந்த 'வேறு நோய்'. தைராய்டு குறைந்தாலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும் தீட்டு தள்ளிப் போகும். அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவதால் வரும் கோளாறு ஒன்று உண்டு. அதன் லேசான வகை இதே வயதில், இதே முடியும் பருவும் தள்ளிப்போன தீட்டுமாக, பி.சி.ஓ.எஸ். போலவே வேஷம் போட்டு வரும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் நோய் வெளிப்படும், அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் வாய்ப்பு கூடுதல். உங்களுடையது அத்தை மகன் சம்பந்தம். எனவே 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள். விடிகாலை ரத்தத்தில் பார்ப்பது நல்லது, தீட்டு வந்த முதல் சில நாட்களுக்குள் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மகளுக்கு வலிப்பு இருந்து வால்ப்ரோயேட் மாத்திரை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்துக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு. தானாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரும். முடி சில மாதத்துக்குள் வேகமாகப் பெருகினாலோ, குரல் ஆண் குரல் போல் தடித்தாலோ காத்திருக்க வேண்டாம். அபூர்வமாக ஹார்மோன் சுரக்கும் கட்டி காரணமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

கல்யாணப் பேச்சைப் பொறுத்தவரை என் அபிப்பிராயத்தை ஒளிக்கப் போவதில்லை. கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. தாலி ஏறியதும் இன்சுலின் குறையாது. ஒரு வருடத்தில் குழந்தை இல்லையென்றால் அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும். இந்த நோய் உள்ள பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது. சிலருக்கு முட்டை வளர மாத்திரை தேவைப்படும், அவ்வளவுதான். அதற்காக 19 வயதில் அவசரப்பட ஒன்றும் இல்லை. அண்ணன் மகன் என்றால் இன்னொரு தலைமுறையும் சொந்தத்துக்குள் போகிறது. மேலே சொன்ன அட்ரினல் பரிசோதனை முடிவு வரும்வரையாவது அந்தப் பேச்சைத் தள்ளிப் போடுங்கள்.

சின்ன மகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். அக்காவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. மொத்தப் பெண்களில் 100 பேரில் 10 முதல் 13 பேருக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டு வயதுக்கு முன்பே அக்குளில் முடி வந்ததா, இப்போது கழுத்து கறுக்கிறதா, எடை திடீரென்று ஏறுகிறதா என்று கவனியுங்கள். இப்போதைக்கு ஓடியாடி விளையாட விடுங்கள். பெரியவளானதும் வீட்டுக்குள் உட்கார வைக்காமல் விளையாட்டைத் தொடர விட்டால் அதுவே பெரிய உதவி.

மூத்தவளுக்கு என்ன செய்வது? 68 கிலோவில் மூன்றரையிலிருந்து ஏழு கிலோ வரை குறைந்தாலே பலருக்குத் தீட்டு ஒழுங்குக்கு வர ஆரம்பிக்கிறது. பட்டினி வேண்டாம். காலையில் முட்டையோ சுண்டலோ ஏதாவது ஒன்று வயிற்றில் விழட்டும். தட்டில் சோற்றைக் குறைத்து, சூடையோ நெத்திலியோ காரலோ குழம்பு மீனைக் கூட்டி, கீரையோ காயோ ஒரு கை வையுங்கள். பாட்டில் பானத்தை அடியோடு விடட்டும். தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சியும் நல்லது. தண்ணீர்க் குடம் தூக்குவதும் அதில் சேர்த்திதான்.

தீட்டு மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருக்க விடாதீர்கள். கருப்பையின் உள் சவ்வு வெளியேறாமல் தடித்துக்கொண்டே போனால், வருடக் கணக்கில் அப்படியே விட்டால், பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். அதற்காக மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதலாம். அட்டையில் கர்ப்பத்தடை மாத்திரை என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதனால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. எழுதுவதற்கு முன் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் காலில் ரத்தம் உறைந்தவர்கள் உண்டா என்று கேட்பார்கள். இருந்தால் சொல்லுங்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இன்சுலின் தடைக்காக மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைத் தருவதுண்டு. "எனக்குச் சர்க்கரை வந்துடுச்சா" என்று அவள் அழுதால் இதைச் சொல்லிச் சமாதானம் செய்யுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் பிரிவில் காட்டலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் கூட்டிப் போங்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரை பார்ப்பார்கள். இந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பரிசோதனைதான் முதலில் நடக்க வேண்டும். கொழுப்பு, தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றுக்கும் அப்போதே ரத்தம் கொடுத்துவிடலாம். கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்தத் தேதியில் தீட்டு வந்தது என்று அவளையே காலண்டரில் குறித்து எடுத்து வரச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். உங்களுக்கும் வயது 43, அத்தைக்குச் சர்க்கரை, பழைய கதையும் இருக்கிறது. பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து நீங்களும் வெறும் வயிற்றோடு போய் அவளுடனேயே சர்க்கரை பார்த்துவிடுங்கள்.